டியூப் ஆம்ப்புக்கு முன்னால் வயர்லெஸ்: கேபிள் செய்துவந்த மூன்று வேலைகள்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வழியாகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை நீளும் எங்கள் பகுதியில், மழை ஓய்ந்த பிறகு மேடைகளுக்குக் குறைவே இருப்பதில்லை. ஆலய ஆண்டு விழா, அசனம், கன்வென்ஷன் கூட்டம், கோயில் திருவிழாவின் கடைசி இரவில் கானமேளா என்று தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கத்திலும் பெரும்பாலும் அதே சவுண்ட் சர்வீஸ்காரர்கள், அதே வாத்தியக்காரர்கள். இந்த மேடைகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களின் கையில், கிட்டாரில் செருகும் டிரான்ஸ்மிட்டரும் ஆம்ப்பில் செருகும் ரிசீவரும் கொண்ட வயர்லெஸ் கருவி இப்போது சாதாரணமாகிவிட்டது. எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால், கேபிள் காலில் சிக்காமல் மேடையில் நடக்கலாம் என்பதே ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் பதில். அந்தக் காரணம் சரிதான். ஆனால் வால்வுகளால் இயங்கும் ஆம்ப்ளிஃபயருக்கு, அதாவது நாங்கள் டியூப் ஆம்ப் என்று அழைப்பதற்கு, முன்னால் வயர்லெஸ்ஸை வைக்கும்போது, மேடையில் நடந்து திரிவதைக் காட்டிலும் முக்கியமான விஷயங்கள் இருக்கின்றன.

கேபிள் மூன்று வேலைகளைச் செய்துவந்தது. கிட்டாரின் சமிக்ஞையை ஆம்ப்புக்குக் கொண்டுபோனது; போகும் வழியில் அதன் ஒலியை வடிவமைத்தது; வாசிப்பவரின் உடலை ஆம்ப்பின் எர்த்தோடு பிணைத்து வைத்திருந்தது. வயர்லெஸ் முதல் வேலையை நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவதை நாம்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். மூன்றாவது நம்மை விட்டு விலகியது பெரும் நன்மை. ஆனால் அது எந்த அளவுக்கு விலகியது, எங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டியூப் ஆம்ப்பைப் பார்த்திராதவர்கள், பழைய வீடுகளில் அலமாரி மேல் இருந்த வால்வு ரேடியோவை நினைத்துக்கொண்டால் போதும். திருகியதும் உடனே பாடாமல், கண்ணாடிக் குழாய்களுக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் ஏறிய பிறகு மெல்லப் பேசத் தொடங்கும் அதே தொழில்நுட்பம்தான் இது. கிட்டார் ஆம்ப்பில் முதலில் நிற்பது பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வு. அதன் பெருக்கக் காரணி 100. கடைசியில் ஒலிபெருக்கியை இயக்குவது ஈஎல்34, 6எல்6, ஈஎல்84 போன்ற பெரிய வால்வுகள். வால்வின் இழையைச் சூடாக்க 6.3 வோல்ட் போதும். ஆனால் பெரிய வால்வின் தகட்டுக்குப் பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கும் மேலே தேவைப்படுகிறது. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது ஒலியின் முனையைச் சட்டென்று வெட்டிவிடும்; வால்வு அதைப் படிப்படியாக மடக்கும். மெல்ல மீட்டினால் தெளிவாகவும், கொஞ்சம் அழுத்தி மீட்டினால் கரகரப்போடும், ஓங்கி மீட்டினால் பிளிறலாகவும் ஒரே அமைப்பில் பேசும். இதற்காகத்தான் இருபது, முப்பது கிலோ எடையை ஆட்டோவில் ஏற்றி, படிக்கட்டில் தூக்கி, மேடைக்குக் கொண்டுபோகிறோம். கைவிரலின் அழுத்தத்துக்குப் பதில் சொல்லும் அந்தக் குணத்தை நடுவில் வரும் எந்தப் பெட்டியும் கெடுத்துவிடக் கூடாது. வயர்லெஸ்ஸைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கிறது.

முதலில் ஒலியின் வடிவத்தைப் பார்ப்போம். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியின் ஆயிரக்கணக்கான சுற்றுகள். அதற்கு இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் குணம், உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அது சுமார் 2 முதல் 3 ஹென்றி, இரட்டைச் சுருள் ஹம்பக்கரில் அதைவிடக் கூடுதல். கேபிளோ உள்ளே ஒரு கம்பி, வெளியே அதைச் சுற்றிய உலோக வலை என்ற அமைப்பு கொண்டது. இரண்டு கடத்திகளும் நடுவில் காப்புப் பொருளும் இருப்பதால் கேபிள் முழுவதும் மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு நீண்ட கெபாசிட்டராகவே இருக்கிறது. அந்தத் தேக்கும் திறனை, அதாவது கெபாசிட்டன்ஸை, மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். தரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். பிக்கப்பின் சுருளும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகின்றன. அந்த ஒத்ததிர்வு நிகழும் இடத்தில் ஒலி சற்று மேலெழும். அதற்கு மேலுள்ள அதிர்வெண்கள் விரைவாகச் சரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் தெளிவாகிறது. 2.5 ஹென்றி பிக்கப், 6 மீட்டர் கேபிள், கிட்டாருக்குள் இருக்கும் கம்பிகளின் கெபாசிட்டன்ஸ் எல்லாம் சேர்த்துச் சுமார் 700 பிக்கோஃபாரட் என்று கொண்டால், மேடு 3.8 கிலோஹெர்ட்ஸ் அருகே விழும். இதே கிட்டாரின் ஜாக்கில், அதாவது கேபிள் செருகும் துளையில், டிரான்ஸ்மிட்டரை நேராகச் செருகி, மொத்தக் கெபாசிட்டன்ஸ் 150 பிக்கோஃபாரட்டாகக் குறைந்தால், மேடு 8 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும். கிட்டார் ஆம்ப்பில் உள்ள 12 அங்குல ஒலிபெருக்கிகளோ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தளர்ந்துவிடுபவை. ஆகவே, கிட்டாரின் குரலுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்த அந்த 4 கிலோஹெர்ட்ஸ் மேடு காணாமல் போகிறது. அதற்கு மேலே உள்ள பகுதியோ முன்பைவிடத் திறந்துவிடுகிறது. கேட்பவர் காதுக்கு இது சற்றுக் கூர்மையாகவும், அதே சமயம் சதைப்பிடிப்பு இல்லாததாகவும் படும்.

இப்படிப் பட்டவுடன் பெரும்பாலானோர் ஆம்ப்பின் ட்ரெபிள் குமிழைக் குறைக்கிறார்கள். அதனால் சிக்கல் தீர்வதில்லை. ட்ரெபிள் குமிழ் அகன்ற ஒரு பரப்பை மொத்தமாகக் கீழே இறக்கும். இழந்த மேட்டைத் திரும்பக் கட்டித் தராது. ரிசீவரிலிருந்து ஆம்ப் வரை நீளமான கேபிளைப் போட்டால் பழைய ஒலி வந்துவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ரிசீவரின் வெளியீடு தாழ்ந்த இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கான குறைந்த தடை, கொண்டது. அதற்குப் பின்னால் பத்து மீட்டர் கேபிள் போட்டாலும் ஒலி பெரிதாக மாறாது. கெபாசிட்டன்ஸ் பிக்கப்புக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் இடையில் இருந்தால்தான் பிக்கப்போடு சேர்ந்து வேலை செய்யும்.

இதற்கு இரண்டு வழிகளை நான் நம்புகிறேன். பாஸ் டபிள்யூஎல்-50, லைன் 6 ரிலே ஜி50 போன்ற சில கருவிகளில் கேபிளின் தன்மையைப் போலச் செய்யும் தேர்வு இருக்கிறது. அது இருக்கும் கருவியை வாங்கியவர்கள், வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து, தாங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய கேபிளையும் வயர்லெஸ்ஸையும் மாற்றி மாற்றிச் செருகி, எந்த நிலை நெருங்கி வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத கருவிக்கு, சில ரூபாய் விலையுள்ள 470 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கிட்டார் ஜாக்கின் இரு முனைகளுக்கு நடுவே பற்றவைத்தாலே போதும். ஏறக்குறைய 5 மீட்டர் கேபிள் சேர்ந்ததற்குச் சமம் அது. ஆனால் கிட்டாருக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டால், பிறகு கேபிளில் வாசிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒலி மங்கிவிடும். எனவே டிரான்ஸ்மிட்டருக்கும் கிட்டாருக்கும் இடையில் போடும் குட்டைக் கேபிளின் பிளக்கிற்குள் அதை வைப்பதே எனக்குப் பிடித்த முறை. இடுப்புப் பட்டையில் மாட்டும் வகை டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது மிக எளிது.

கேபிள் விலகியதால் கிடைக்கும் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்குக் குறைத்தால், நீளமான கேபிளில் ஒலி குறைவதோடு மேல் சுருதியும் மங்கும். வயர்லெஸ்ஸில், கெபாசிட்டர் சேர்க்காதவரை, இந்த மங்கல் பெரிதும் குறைகிறது. டியூப் ஆம்ப்பைக் கொஞ்சம் கரகரப்பான நிலையில் வைத்துவிட்டு, சரணத்துக்கு வால்யூமைக் குறைத்துத் தெளிவாகவும் பல்லவிக்குக் கூட்டி முழுதாகவும் வாசிப்பவருக்கு இது வரப்பிரசாதம். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பெண்கள் குரல் தனியாக வரும் இடங்களில் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். கிட்டார் பின்வாங்கினாலும் கம்பியின் பளபளப்பு கெடுவதில்லை.

இனி விரலழுத்தம். பழைய அனலாக் வயர்லெஸ் கருவிகள் ஒலியின் ஏற்ற இறக்கத்தை டிரான்ஸ்மிட்டரில் பாதியாக அமுக்கி அனுப்பி, ரிசீவரில் மீண்டும் விரித்துக் கொடுத்தன. ரேடியோ அலையின் இரைச்சலுக்கு மேலே சமிக்ஞையை நிறுத்த அது தேவைப்பட்டது. பேச்சுக்கும் பாட்டுக்கும் அது போதும். ஆனால் மீட்டலின் முதல் தாக்குதலில் அமுக்கலும் விரித்தலும் இம்மியளவு பிசகினாலும், டியூப் ஆம்ப் அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். சுரம் தேய்ந்து அடங்கும்போது அதன் பின்னால் இரைச்சல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவதும் கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறையையே ஒருவர் தன் குரலாக்கிக்கொண்டதும் நடந்திருக்கிறது. 1970-களின் நடுப்பகுதியில் கென் ஷாஃபர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஷாஃபர்-வேகா கருவி, ராக் மேடைகளில் நம்பி ஏறக்கூடிய முதல் கிட்டார் வயர்லெஸ்களில் ஒன்று. ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் அதை மேடையில் பயன்படுத்தியதோடு நிற்காமல், ஒலிப்பதிவுக் கூடத்திலும் பயன்படுத்தினார். அங்கே நடக்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. அந்தக் கருவியின் அமுக்கி-விரிப்பானும் அது கூட்டித் தந்த கூடுதல் வலுவும் மார்ஷல் ஆம்ப்பின் முதல் வால்வை முன்கூட்டியே விழிக்கச் செய்தன. அந்த ஒலி அவருக்குப் பிடித்துவிட்டது. நடுவில் இருக்கும் கருவியும் வாத்தியத்தின் ஓர் உறுப்புதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய டிஜிட்டல் கருவிகளில் அமுக்கலும் விரித்தலும் இல்லை. அவற்றில் கவனிக்க வேண்டியது டிரான்ஸ்மிட்டருக்குள் நுழையும் சமிக்ஞையின் அளவு. வலுவான ஹம்பக்கர் பிக்கப்பை ஓங்கி மீட்டும்போது டிரான்ஸ்மிட்டரின் எல்லை மீறப்பட்டால், அங்கே பிறக்கும் கரகரப்பு வால்வின் கரகரப்பு அல்ல, காதை அறுக்கும். அளவைச் சரிசெய்யும் வசதி இருந்தால், முழு வேகத்தில் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அடித்துப் பார்த்து, சிவப்பு விளக்கு எரியாத இடத்தில் நிறுத்த வேண்டும்; பிறகு ரிசீவரின் வெளியீடு கேபிளில் வரும் அளவுக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஆம்ப் தெளிவாகப் பேச வேண்டிய இடத்தில் உடையும். குறைவாக இருந்தால் உயிரே வராது. தாமதத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். நல்ல கருவிகளில் அது சில மில்லிவினாடிகள்தான். ஒரு மில்லிவினாடியில் ஒலி காற்றில் 34 செண்டிமீட்டர் போகிறது என்பதால், ஆம்ப்பிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பதைவிட அது பெரிய விஷயமல்ல. காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய ஜெர்மேனியம் ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு சங்கடம் உண்டு: அந்தப் பெடல் பிக்கப்பின் உயர்ந்த இம்பிடன்ஸை நேராக எதிர்பார்ப்பது, ரிசீவரின் தாழ்ந்த இம்பிடன்ஸுக்குப் பின்னால் வைத்தால் கீச்சிடும், வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது.

இப்போது எர்த்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இதுதான்.

கிட்டாரின் தந்திகள், அவற்றைத் தாங்கும் பாலத்தின் (பிரிட்ஜ்) அடியில் ஓடும் ஒரு கம்பி மூலம் ஜாக்கின் வெளிப்பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். கேபிளின் உலோக வலை அதை ஆம்ப்பின் சேசிஸோடு, அதாவது உலோகச் சட்டத்தோடு, இணைக்கிறது. சேசிஸ் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளோடு சேர்கிறது. ஆக, தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கை எப்போதும் ஆம்ப்பின் எர்த்தில் இருக்கிறது. பாடுவதற்காக மைக்கில் உதடு பட்டால், அது மிக்ஸரின் எர்த்தில் இருக்கிறது. இரண்டு எர்த்தும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றும் இல்லை. ஒன்றில் எர்த் அறுந்து, உள்ளே கசிவும் இருந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவிலுள்ள மின்னழுத்தம் கையிலிருந்து உதட்டுக்கு மார்பு வழியாகவே பாயும்.

இது புத்தகத்தில் மட்டும் உள்ள ஆபத்து அல்ல. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் மைக் தாங்கியில் பட்டு அவர் நினைவிழந்து விழுந்தார். அவர் அணிந்திருந்த ரப்பர் அடிக் காலணி அவரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். 1976 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் லேக்லாந்தில் கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி எர்த் இல்லாத கைப்பிடிக் கம்பியைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டார். அதன் பிறகு அந்தக் குழு வயர்லெஸ்ஸுக்கு மாறியது. மேடையில் வயர்லெஸ் கிட்டார் பரவியதற்குப் பின்னால் ஓடித் திரியும் ஆசை மட்டும் இருக்கவில்லை, இந்தப் பயமும் இருந்தது.

எங்கள் மேடைகளை நினைத்துப் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. பந்தல் போட்ட திடலின் மண்ணில் ஈரம் எளிதில் காய்வதில்லை. மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வரும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் திணிப்பதற்கென்றே ஒரு மாற்றி எல்லோர் பையிலும் கிடக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலய மேடையானாலும் கோயில் மேடையானாலும் நாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். கீத் ரிச்சர்ட்ஸைக் காத்த ரப்பர் அடி நமக்கு இல்லை. வெறுங்காலோடு, ஈரமான பலகை மேல், ஒரு கையில் தந்தியும் உதட்டில் மைக்குமாக நிற்கிறோம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும், நாற்பது ஆண்டு வயதுகூட இருக்கக்கூடிய டியூப் ஆம்ப் பின்னால் இருக்கிறது.

இங்கேதான் வயர்லெஸ் செய்யும் பேருதவி இருக்கிறது. தந்திகளின் இணைப்பு இப்போது டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் சிறு பேட்டரியோடு முடிந்துவிடுகிறது. ஆம்ப்பில் என்ன கோளாறு இருந்தாலும், அது ரேடியோ அலை வழியாகக் கிட்டாருக்குத் தாவாது. எங்கள் பகுதியில் பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஒவ்வொருவரும், மேடையில் ஓரடிகூட நகராதவராக இருந்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே வயர்லெஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வேன்.

ஆனால் அதோடு ஆபத்து முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஆம்ப்பின் உலோகப் பரப்பைத் தொட்டுக் குமிழ் திருகும்போது நீங்கள் மறுபடி அந்தச் சுற்றுக்குள் வந்துவிடுகிறீர்கள். தரையில் வைத்திருக்கும் உலோகப் பெடல்கள் கேபிள் மூலம் ஆம்ப்பின் சேசிஸோடு இணைந்தே இருக்கின்றன. வெறுங்காலால் பெடலை மிதித்துக்கொண்டு மைக்கில் பாடினால், கைக்குப் பதிலாகக் கால் அந்த வேலையைச் செய்கிறது. பெடலை மிதிப்பவர்கள் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் நிற்பதும், செருப்பு கூடாத இடமென்றால் பாடும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவதும் நல்ல பழக்கம்.

எல்லைப் பகுதியில் பல ஆண்டுகளாகச் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் அண்ணன் ஒருவர், ஆம்ப்பில் இரைச்சல் கேட்டதும் எர்த் முள்ளைப் பிடுங்கப் போன இளைஞனைத் தடுத்துச் சொன்னது என் மனதில் நிற்கிறது: “மக்களே, இரைச்சல் போவணும்னு எர்த்தப் பிடுங்கப்பிடாது. இரைச்சல் காதுக்குத்தான் கேடு. எர்த்து இல்லேன்னா ஆளுக்கே கேடு.” அவர் எந்த மேடையிலும் ஒயர் விரித்தவுடன் மல்ட்டிமீட்டரை எடுத்து, மைக்கின் வலைக்கும் ஆம்ப்பின் திருகாணிக்கும் நடுவே ஏசி வோல்ட் பார்ப்பார். ஓரிரு வோல்ட் என்றால் விட்டுவிடுவார். பத்துகளில் போனால் காரணம் தெரியும்வரை யாரையும் தொட விடமாட்டார். ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் மிதந்துகொண்டிருந்தால், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்க வேண்டிய பாதுகாப்பு பிரேக்கரும் முதல் கோளாறில் அசையாமல் இருந்துவிடும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவரும் அவரே. ஆகவே ஜெனரேட்டர்காரரிடம் எர்த் கம்பி எங்கே அடித்திருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அலைவரிசை விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இப்போது விற்கும் கிட்டார் வயர்லெஸ்களில் பெரும்பகுதி 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்தியாவில் அதற்கு உரிமம் தேவையில்லை. வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன என்பதே சிக்கல். விழாவை நேரலையாக ஒளிபரப்ப வருபவர்கள் மேடைக்குக் கீழேயே ரவுட்டரை வைத்தால், அதை ஒரு பக்கமாகத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அவர்களால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது. இந்த அலையை மனித உடல் நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது. டிரான்ஸ்மிட்டர் உங்கள் முதுகுப் பக்கமும் ரிசீவர் எதிர்ப்பக்கமும் இருந்தால், உங்கள் உடலே சுவராகிவிடும். பலர் ரிசீவரை ஆம்ப்பின் தலையிலேயே வைக்கிறார்கள். வால்வுகளின் சூடு நேராக ஏறும் இடம் அது. மின்மாற்றியின் காந்தப்புலமும் அருகில் இருக்கிறது. ஆம்ப்பைவிட்டு ஒரு முழமாவது தள்ளி, கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், ஒரு ஸ்டாண்டில் வைப்பதே முறை. காலி மைதானத்தில் சோதித்த எல்லை கூட்டம் நிறைந்தபின் சுருங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வளைகுடாவிலிருந்து உறவினர்கள் வாங்கிவந்த பழைய யூஎச்எஃப் கருவி வைத்திருப்பவர்கள், அதன் அலைவரிசையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது; 2022 ஏலத்துக்குப் பிறகு 700 மெகாஹெர்ட்ஸும் செல்பேசிச் சேவைக்குப் போய்விட்டது.

நடப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆனால் நான் நடப்பது கச்சேரியின்போது அல்ல, அதற்கு முன்னால். 12 அங்குல ஒலிபெருக்கி, மேல் சுருதிகளைத் தன் நேர் எதிரே டார்ச் விளக்கின் ஒளிபோல ஒடுக்கமாகச் செலுத்துகிறது. 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 செண்டிமீட்டர்தான் என்பதால், முப்பது செண்டிமீட்டர் அகலக் கூம்பிலிருந்து அது பரவுவதில்லை. வாசிப்பவர் ஆம்ப்பின் அருகே நிற்கிறார். ஒலிபெருக்கி அவர் முழங்காலைப் பார்க்கிறது. காதுக்கு மங்கலாகக் கேட்பதால் ட்ரெபிளைக் கூட்டுகிறார். மூன்றாவது வரிசையில் நேர் எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி அதன் முழுக் கூர்மையையும் வாங்கிக்கொள்கிறார். கேபிள் இருந்தவரை இதை உணர வழியே இல்லை. வயர்லெஸ் வந்தபின், வாசித்துக்கொண்டே இறங்கிப் போய், அந்த மூன்றாவது வரிசையிலும் பின் வாசலிலும் நின்று, சபை கேட்கப்போகும் ஒலியை என் காதால் கேட்டுத் திருத்த முடிகிறது. பெரும்பாலான இடங்களில் ஆம்ப்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ட்ரெபிளைக் குறைத்தால் எல்லோருக்கும் நன்றாகிறது. ஒலி 30 மீட்டரைக் கடக்க 90 மில்லிவினாடிக்கு நெருக்கமாக ஆகும் என்பதால், பின் வாசலில் நின்று டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம். அங்கே தனியாக மீட்டிக் கேட்டால் போதும்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் 50 ஹெர்ட்ஸ் உறுமலை வயர்லெஸ் நீக்காது. ஆனால் ஆம்ப்பின் மின்மாற்றியிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி நிற்க முடிவதால் அது ஓரளவு அடங்கும். டிரான்ஸ்மிட்டரை அணைக்கும்போதும் போடும்போதும் சில கருவிகள் ‘டப்’பென்று ஒரு வெடிப்பைக் கொடுக்கும், அதற்கு முன் ஆம்ப்பை ஸ்டாண்ட்பையில், அதாவது ஒலி வராத ஓய்வு நிலையில், வைக்க வேண்டும். ஒலிபெருக்கி இணைப்பை மட்டும், எந்த அவசரத்திலும், டியூப் ஆம்ப் ஓடும்போது பிடுங்கக் கூடாது. சுமையில்லாமல் ஓடினால் வெளியீட்டு மின்மாற்றியே கருகிவிடலாம். உள்ளேயிருக்கும் லித்தியம் பேட்டரி வெயிலிலும் வயதிலும் தளரும். கிறிஸ்துமஸ் காலத்தில் கேரல் குழுவோடு மாலையில் புறப்பட்டால் நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவோம். பெட்டியில் அச்சிட்ட மணிநேரத்தை நம்பாமல், வீட்டில் ஒருமுறை முழுதாக ஓடவிட்டு உண்மையான நேரத்தை அளந்துகொள்வது உத்தமம்.

கடைசியாக, மாற்றுக் கேபிள். வயர்லெஸ் எவ்வளவு நல்லதானாலும் பையில் கேபிள் ஒன்று இருக்கத்தான் வேண்டும்; அதன் நீளம், நீங்கள் வயர்லெஸ்ஸில் சேர்த்திருக்கும் கெபாசிட்டன்ஸுக்கு ஈடாக இருக்கட்டும். 470 பிக்கோஃபாரட் வைத்திருக்கிறீர்கள் என்றால் 5 மீட்டர் கேபிள். பாட்டின் நடுவில் மாற்ற நேர்ந்தாலும் ஆம்ப்பின் குமிழ்களைத் தொட வேண்டியிராது. ஆனால் அந்தக் கேபிளைச் செருகும் கணத்தில், தந்திகள் மீண்டும் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்துவிடுகின்றன. அதுவரை இருந்த பாதுகாப்பு இல்லாமல் போகிறது. ஆகையால் மைக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவிலான அந்த வோல்ட் சோதனையை, அன்று கேபிள் தேவைப்படாது என்ற நம்பிக்கை இருந்தாலும், ஆராதனை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நடுவில் வயர்லெஸ் நின்றுபோனால் மல்ட்டிமீட்டரைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.